இடப்பக்கமாய் மூன்று சுற்று

மலாக்காவின் சிம்பாங் அம்பாட்டில் நிவேந்திரனைத் தெரியாதவர்கள் கிடையாது. இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் அல்ல, அவனுடைய பருமனால். தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் முதல் கடை முதலாளி வரை அவனைக் கிண்டல் செய்யாத வாயே இல்லை. அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்பா சிவசாமி இறந்த அன்றுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

ஒரே மகன். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பாவை மூன்று முறை சுற்றி வர வேண்டும். முதல் சுற்று எப்படியோ முடிந்தது. இரண்டாவதில் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா மகன் திலீப் குடத்தை வாங்கி மீதிச் சுற்றை முடித்தான்.

"குடத்தத் தூக்க ஒரு ஆளு, இவனத் தூக்க நாலு ஆளு வேணும் போல லா" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். சாவு வீட்டில்கூட நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மங்கள். அம்மா மங்களத்தின் காதிலும் அது விழுந்தது.

மறு வருடமே நிவேந்திரன் மலாக்கா டவுனில் ஒரு மருத்துவமனைக்குப் போய் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டான். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே தொடைச் சதையும் கரைந்துபோனது. உடம்பு பாதியானால் ஓடியாடலாம் என்று நினைத்தவனுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கைத்தடி தேவைப்பட்டது.

"சதை வத்திப்போச்சுண்ணே. முட்டை, மீனு ஒழுங்கா சாப்பிடுங்க. பயிற்சிய விட்டுறாதீங்க" என்றாள் அவனுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பௌசியா. "சரி, நல்லா நடந்து மொதல்ல எங்க போகணும்னு ஆசை?"

"பாசார் மாலாம்" என்று இரவுச் சந்தையின் பெயரைப் பொய்யாகச் சொன்னான்.

உண்மையை எப்படிச் சொல்வான்? அம்மாவின் இருதயம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவளையாவது மூன்று முறையும் முழுதாகச் சுற்ற வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பெற்றவளின் சாவுக்குத் தயாராகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

காலில் ரப்பர் பட்டையை மாட்டி இழுத்தான். காலமெல்லாம் ரப்பர் மரத்தோடு மல்லுக்கட்டிய சிவசாமி பார்த்திருந்தால் சிரித்திருப்பார். உட்கார்ந்து எழுந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறினான், வலி பொறுக்காமல் பௌசியாவோடு சண்டைகூடப் போட்டான். மெல்ல மெல்லக் கைத்தடி மூலைக்குப் போனது. அதன்பிறகு, அம்மா தூங்கும் மத்தியானங்களில், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்துப் பப்பாளி மரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

ஒருநாள் மங்களம் விழித்துக்கொண்டாள். சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

நிவேந்திரனுக்கு உயிரே போய்விட்டது. "சும்மா தாம்மா... பௌசியா செய்யச் சொன்னாங்க."

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்தாள். மூச்சு வாங்க அதை மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள்.

"வலப்பக்கமா சுத்துறியேடா. நான் என்ன சாமியா? இடப்பக்கமா சுத்து."

"அம்மா, வேணாம்மா."

"அப்பாவுக்கு நடந்த மாதிரி எனக்கும் நடந்தா மறுபடியும் உன்னையக் கேலி பேசுவானுங்க. அவனுங்களோட சண்டை போட அப்ப நான் இருக்க மாட்டேன்டா. சுத்து."

அழுதுகொண்டே சுற்றினான். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நாலடி நடந்தான். நடந்தவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"திரும்பிப் பாக்கக் கூடாதுடா!" என்று அதட்டினாள். "அதையும் பழகிக்க."

மறுபடி சுற்றினான், மறுபடி திரும்பினான், மறுபடி திட்டு. அன்று முதல் தினமும் மத்தியானம் இதே கூத்துதான். எத்தனை திட்டினாலும் அந்த ஒன்று மட்டும் அவனுக்கு வரவே இல்லை. சில நாள் திட்டிக்கொண்டிருக்கும்போதே மங்களத்துக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

சுடுகாட்டில் திலீப் கையை நீட்டியபடி பக்கத்திலேயே வந்தான். அவன் உதவி தேவைப்படவில்லை. இடப்பக்கமாக, மூன்று சுற்றையும், கால் தடுமாறாமல் முடித்தான் நிவேந்திரன். அன்றைக்குக் கேலி பேசியவர்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? பார்க்க வேண்டியவள் கண்மூடிக் கிடந்தாள்.

குடத்தைப் பின்னால் போட்டான். உடைந்தது.

"திரும்பிப் பாக்காம போய்யா" என்றார் சித்தப்பா.

போனான். நன்றாகத்தான் நடந்தான். சுடுகாட்டுக் கேட்டருகே வந்ததும் திரும்பிப் பார்த்துவிட்டான்.

திட்டுவதற்கு ஆள் இல்லை.