நேரில் பார்க்காத கோடு

நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்தபோது வரைபடங்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு அடுக்குவதுதான் அவள் வேலை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், வீணான தாள்களின் பின்பக்கத்தில் தானாகவே வரைந்து பழகினாள். ஆறு வருடம் கழித்து, அவள் வரைந்த தாளை வேறு யாரோ வரைந்ததென்று நினைத்து மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். உண்மை தெரிந்ததும் திட்டினார். மறுநாள் அவளுக்கென்று ஒரு மேசை வந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடத்துக்குப் போய் நின்று பார்த்து, இரண்டு பக்கத்துக்காரர்களையும் வரவழைத்துக் கேட்டு, அவர்கள் கையெழுத்துப் போட்ட எல்லையைத்தான் முழுக்கோடாக இழுப்பார்கள். நேரில் பார்க்காத எல்லை, தாளில் விட்டு விட்டுத்தான் போகும். இருபத்து மூன்று வருடத்தில் நூலக்கா இதை ஒரு தடவைகூட மீறியதில்லை.

மேற்குக்கும் கிழக்குக்கும் நடந்த சண்டை நின்று நாற்பதாவது நாள் காலை, ஜன்னலில் திரை போட்ட ஒரு வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனது. ஊருக்கு வெளியே ஒரு விருந்தினர் மாளிகை. வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். நூலக்காவின் மேற்குத் தரப்பு ஒரு அறையில், கிழக்குத் தரப்பு ஒரு அறையில். நடு அறையில் நூலக்காவும் அவளுடைய தாள்களும். இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தார் சமரசக்காரர். வெளிநாட்டிலிருந்து வந்தவர், ஆனால் நம் பேச்சை நன்றாகவே பேசினார். அவர் வந்து சொல்லச் சொல்ல அவள் கோடு இழுக்க வேண்டும்.

இவ்வளவு மூடி மறைப்பது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி பேச்சு நடந்தபோது பாதி வரைபடம் பத்திரிகையில் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே இரண்டு பக்கமும் கடைகள் எரிந்தன. மூன்றாம் நாள் குண்டு விழுந்தது. தங்கையின் மாமியார் அதில்தான் போனாள். அதற்குப் பிறகு தங்கையும் அவள் புருஷனும் இரண்டு பிள்ளைகளோடு நூலக்காவின் முன்னறையில்தான் இருந்தார்கள்.

தங்கை புருஷனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். பல் துலக்கும்போதுகூடப் பேசுவான். அவனிடம் ஒரு விஷயம் சொன்னால் தெருமுனைக்கு நாம் போய்ச் சேருவதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். சண்டை நின்றதிலிருந்து அவனுக்குச் சொந்த வீட்டு ஞாபகம்தான். குண்டில் சிதைந்த கூரைக்குத் தகரம் வாங்கி வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை லாரி வரும் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை பதினான்காம் தாள் மேசைக்கு வந்தது. கால்வாய் வழியாகவே கோடு போகட்டும், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டாயிற்று என்றார் சமரசக்காரர். நூலக்கா பேனாவை எடுத்தாள். கை நின்றுவிட்டது. தாள் இருபத்தைந்து வருடப் பழையது. அதில் கால்வாய் ஓடிய இடத்தில் இப்போது ஒரு தெரு இருப்பதாக அவளுக்கு ஞாபகம். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு கால்வாயைத் தூர்த்து வேறு பக்கம் வெட்டினார்கள் என்று எப்போதோ பேச்சுவாக்கில் கேட்டது. அந்தத் தெருவில்தான் தங்கை வீடு. தாளில் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐந்து மீட்டர். தெரு நடுவில் கோடு விழுந்தால் எதிர்வீடு மேற்கு, தங்கை வீடு கிழக்கு. கண் எரிகிறது, நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

தினமும் போல வேன் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, ராத்திரி சாப்பிடும்போது அவளால் இருக்க முடியவில்லை. நிச்சயமில்லாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கைப்பழக்கமாகிவிட்டது. வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"உங்க தெருப் பக்கம் ஓடின கால்வாய், இப்ப எங்க ஓடுது?"

"அது கிழக்கால போயிடுச்சு அண்ணி, இருநூறு மீட்டர். பழைய கால்வாய் மேலதான் எங்க தெருவே..." ரேடியோ பாதியில் நிறுத்தினான். வாயருகே போன கை அப்படியே நின்றது. பத்து நாளாக வேனில் போய் வருகிற அண்ணி. பத்து நாளாக எதையும் சொல்லாத அண்ணி. அவளைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். அந்த வீட்டில் முதல்முறையாக அவன் பேசாமல் சாப்பிட்டு முடித்தான்.

நூலக்கா அன்று தூங்கவில்லை. எதையும் சொல்லவில்லை, ஒன்றைக் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் கேட்டதே சொன்னதுதான் என்பது பாயில் படுத்த பிறகு உறைத்தது.

காலையில் பதினான்காம் தாளில் அந்த இடம் வந்ததும் விட்டு விட்டு இழுத்தாள். பதினேழு சின்னக் கோடுகள். சமரசக்காரர் பார்த்தார். இது நாடுகள் பிரியும் எல்லை, வாய்க்கால் வரப்புத் தகராறு இல்லை என்றார். கிழக்குத் தரப்பு அதிகாரி எட்டிப் பார்த்து, மேற்கு ஏதோ விளையாடுகிறது என்று குரலை உயர்த்தினார்.

"நேர்ல பார்க்காத கோட்ட நாங்க முழுசா போடறதில்ல சார்," என்றாள் நூலக்கா. "இந்தக் கால்வாய் இப்ப இங்க இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டுச் சரிபார்த்ததை மறைத்தால் கோடே பொய்யாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. தங்கை வீடு அங்கே இருக்கிறது, தங்கை புருஷனிடம் கால்வாய் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன், வேறெதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு அறைக் கதவும் மூடிக்கொண்டன. ஒரு மணி நேரம் தாழ்வாரத்தில் நின்றாள். சமரசக்காரர் வந்து அமைதியாகச் சொன்னார்: இரண்டு நாள் பார்ப்போம், வெளியே ஒரு வார்த்தை கசிந்திருந்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த இரண்டு நாளும் வேன் வரவில்லை. நூலக்கா வீட்டிலேயே இருந்து ரேடியோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் லாரி வேண்டாமென்று சொல்லிவிட்டான். தண்ணீர்க் குழாயடியில் தையல்காரர் அவனைச் சீண்டினார்.

"என்னப்பா ரேடியோ, ஸ்டேஷனை மூடிட்டாங்களா?"

"பேட்டரி தீர்ந்துபோச்சு," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். படியேறும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பேசாமல் இருப்பது அவனுக்குக் குடத்தைவிடக் கனம்.

தங்கைதான் விடவில்லை. போவதாக இருந்தவர் ஏன் போகவில்லை, அக்கா ஏன் வேலைக்குப் போகவில்லை, இருவரும் ஏன் முகத்தைப் பார்த்துக்கொள்வதில்லை என்று துருவினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என் வீட்டப் பத்தி ஏதோ இருக்கு. உனக்குத் தெரியுது, இவருக்குத் தெரியுது. எனக்கு மட்டும் தெரியக்கூடாதா அக்கா?"

நூலக்கா வாயைத் திறந்தாள். தங்கையின் மாமியார் நினைவுக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டாள். தங்கை அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

வெளியே எதுவும் கசியவில்லை. மூன்றாம் நாள் வேன் வந்தது. பதினான்காம் தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தன. பதினேழு கோடுகளும் அப்படியே இருந்தன. கீழே ஒரு வரி: 'இந்த இடத்தில் எல்லை, கால்வாயின் இரு பக்கத்துக் குடியிருப்போரையும் வரவழைத்துக் கேட்ட பின் முடிவு செய்யப்படும்.' எங்கள் ஆட்களையும் கேட்க வேண்டும் என்று கிழக்கு அடம்பிடித்து வாங்கிய வரியாம் அது. பக்கத்தில் இன்னொரு காகிதம், நூலக்காவின் பேருக்கு. எழுதிக் கொடுத்த உறுதியை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதுவரை எந்தத் தாளையும் தொடக்கூடாது.

அன்று சாயங்காலம் ஒப்பந்தம் செய்தியில் வந்தது. அதற்குப் பிறகுதான் தங்கைக்கு எல்லாம் தெரிந்தது. திட்டவும் இல்லை, அழவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை தங்கையின் தெருக்காரர்கள் எல்லோரும் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது பழைய பையில் துணி அடுக்கினாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ரேடியோ பழையபடி பேசிக்கொண்டிருந்தான், ஓட்டுநரிடம், ஓட்டுநரின் உதவியாளரிடம், யாரிடமோ. தங்கை ஏறுவதற்கு முன் திரும்பினாள். ஒரு வாரத்தில் அவள் அக்காவோடு பேசிய முதல் பேச்சு அது.

"அங்க என்ன கேட்பாங்க?"

"கால்வாய் எங்க ஓடுதுன்னு கேட்பாங்க."

"அந்தப் பக்கத்துக்காரங்க வேற மாதிரி சொன்னா?"

நூலக்கா பையை வண்டியில் எடுத்து வைத்தாள். "நீ பார்த்ததச் சொல்லு," என்றாள்.

தங்கை சுவரோரம் சாய்ந்திருந்த தகரத்தைப் பார்த்தாள். "அது இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பியது. காற்றில் தகரம் சுவரில் மோதி மோதிச் சத்தமிட்டது. நூலக்கா ஒரு செங்கல்லைத் தேடியெடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள்.