ஊசி போடாத டாக்டர்

எங்கள் டாக்டர் ஆர்லீனை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலக் கடற்கரைப் பக்கம் மழையும் பசுக்களும்தான் எங்களுக்கு உலகம். எனக்குப் பிரசவம் பார்த்தவளும் அவள்தான்.

என் புருஷன் வெர்னனுக்கு நரம்பு நோய். கை விழுந்துவிட்டது, அடுத்து தொண்டை என்று சொல்லிவிட்டார்கள். விழுங்க முடியாமல் திணறிச் சாவதற்கு முன் தானே போய்விட வேண்டும் என்றான். எங்கள் மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

"எப்ப வந்து ஊசி போடுவே, ஆர்லீன்?" என்று கேட்டான்.

பசு தவித்தால் மாட்டு டாக்டர் வந்து ஊசி போடுவார். மனுஷனுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

ஆர்லீன் திருதிருவென்று முழித்தாள். "இதுவரைக்கும் நான் செஞ்சதில்லைப்பா. மாட்டேன்னு சொல்லவும் எனக்கு உரிமை இருக்கு. ஆனா விசாரிச்சுட்டு வர்றேன்."

அடுத்த வாரம் வந்தாள். "ஊசியே கிடையாது. இன்னொரு டாக்டரும் உன்னைப் பார்த்து ஒத்துக்கணும். நான் மருந்து எழுதித் தருவேன், நீயேதான் எடுத்துக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! கோப்பையைத் தூக்க முடியாதவன்கிட்ட சொல்ற பேச்சா இது?"

"கத்தாதே லோர்னா. அதையும் கேட்டுட்டேன். கோப்பையை நீ பிடிக்கலாம். உறிஞ்சறது அவனா இருக்கணும்."

இன்னொரு டாக்டரும் பார்த்து ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் தொண்டைக்கும் எங்களுக்கும் ஓட்டப்பந்தயம். ஆர்லீன் வரும்போதெல்லாம் கேட்பாள், "மனசு மாறிடுச்சா? மாறினா ஒண்ணும் தப்பில்ல." இவன் சிரிப்பான்.

அவன் குறித்த நாள் காலையில் மருந்துக் கோப்பையைப் பிடித்தேன். ஒரு வாய் உறிஞ்சினான், இருமினான், நிறுத்திவிட்டான். ஐயோ, பாதியில் நின்றுவிட்டதே என்று பதறி, கோப்பையை அவன் வாயில் சாய்க்கப் போனேன். ஆர்லீன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சாய்க்காதே. வேணும்னா குடிப்பான், வேணாம்னா விட்டுடுவான்."

வெர்னன் மூச்சு வாங்கினான். "நான் என்ன கன்னுக்குட்டியா, புகட்டி விடறதுக்கு?" என்று குழறினான். பிறகு தானே உறிஞ்சி முடித்தான். என் தோளில் சாய்ந்து தூங்கினான், அப்படியே போய்விட்டான்.

அழுகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனை நான் அனுப்பிவிட்டேனோ என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. என் கையைப் பிடித்து நிறுத்தினாளே, அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.