பிசிறு பார்க்கும் சின்னக்கா

பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார் சின்னக்கா. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அது மெதுவாக உருளும். ஒரு கண் மூடியிருக்கும். இன்னொரு கண் பட்டாணிக்குள் எங்கோ வெகுதூரம் போய்விட்டிருக்கும். அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தாலும் காதில் விழாது. "பட்டாணிய வேக வைக்கப் போறியா, இல்ல அதுக்கு வரன் பாக்கப் போறியா?" என்று முன்னறையிலிருந்து பெரியக்கா குரல் கொடுத்த பிறகுதான் அது பாத்திரத்தில் விழும்.

சட்டைப் பொத்தான், காதணியின் திருகு, மாத்திரை, மழை விட்டபின் துணிக்கொடியில் தொங்கும் சொட்டு. எதுவானாலும் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார். தேடுவது பிசிறை. ஓரத்தில் மயிரிழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை. ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "காதுக்குப் பின்னாடி வர்ற இடத்துல பிசிறு இருக்கே, உங்களுக்குக் குத்தலையா?" என்றார். அதுவரை குத்தவில்லை. அன்றிலிருந்து குத்துகிறது.

அதுதான் அவர் தொழில். ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் முதுகெலும்புக்குள் வைக்கிற பொருள்களைச் செய்கிறார்கள். டைட்டானியத்தில் ஒரு கொக்கி, அதன் நுனியில் நெய்த வலைத் துண்டு ஒன்று. உள்ளங்கையில் வைத்து மூடினால் இருப்பதே தெரியாது. கடைசியாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லதைப் பச்சைத் தட்டிலும் கழித்ததைச் சிவப்புத் தட்டிலும் வைப்பது சின்னக்காவின் வேலை. கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அவருக்கு அதில் கோபமில்லை. "கூப்பிட்டா காதுல விழணுமே, அப்புறம்தான கோவம்" என்பார் பெரியக்கா.

அந்த அறைக்குள் தூசி போகக்கூடாது. அதனால் தொப்பி, முகமூடி, தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி, கையுறை. வெளியே தெரிவது கண்கள் மட்டும். யார் எவர் என்பதைப் புருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூரையிலிருந்து காற்று ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பேச்சு கிடையாது. "கடலுக்கு அடியில நடக்கற மாதிரி இருக்கும். உள்ள போயிட்டா வெளிய வர மனசே வராது" என்று சின்னக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். லென்சுக்குக் கீழே அந்தக் கொக்கி சாம்பல் நிறச் சமவெளியாக விரியுமாம். அதில் மேடுகள், பள்ளங்கள், நீளமான நிழல்கள். வலை ஒரு பெரிய வெள்ளைத் திரைபோல் அந்தச் சமவெளியின் ஓரத்தில் நிற்கும். "அங்க ஒரு ஆள் கிடையாது. ஒரு சத்தம் கிடையாது. நான் மட்டும் போயிட்டு வருவேன்."

போவது சரி, முழுதாகத் திரும்பி வருவதுதான் சந்தேகம். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு நடந்து வருவார். ஒரு மாலையில் என் வீட்டுப் பூட்டுக்குள் யாரோ சாவியை விட்டுத் திருகும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். சின்னக்கா நின்றிருந்தார். என்னையும், என் பின்னால் இருந்த நாற்காலியையும் பார்த்து, "எங்க வீட்டுல இந்த நாற்காலி எப்ப வாங்கினாங்க?" என்று கேட்டார். அவர் வீடு ஒரு மாடி கீழே. அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

பெரியக்கா நேர்மாறு. முன்னறையையே சலூனாக்கி, எங்கள் அடுக்குமாடியில் உள்ள எல்லாத் தலைகளையும் கவனிக்கிறார். வாய் ஓயாது, கத்தரி அதைவிட ஓயாது. "உங்களுக்குக் கத்தரி எதுக்கு, துடைக்க ஒரு துணி போதுமே" என்று முதல் நாளே என் தலையைத் தட்டிப் பார்த்துச் சொன்னவர். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருப்பதற்கான காரணத்தையும் அவர்தான் சொன்னார். "எனக்குக் கல்யாணம் நிலைக்கல. இவளுக்கு வீட்டுக்காரர் நிலைக்கல. ரெண்டு பேரும் சேந்து வீட்டையாவது நிலைக்க வைப்போம்னு வந்துட்டோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சின்னக்கா கொடியில் தொங்கிய சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் முழுக்க நின்று செய்யும் வேலை பெரியக்காவுடையது. போன வருஷம் அவருக்கு இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் பிதுங்கி, இடது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி வந்தது. ஆபரேஷன் செய்து பிதுங்கியதை எடுத்தார்கள். கொஞ்ச காலம் சுகமாக இருந்தார். ஒரு காலையில் ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான். அதே கால், அதே வலி.

படுத்த படுக்கையிலும் அவர் வாய் படுக்கவில்லை. பார்க்கப் போனவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். "எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை இருக்குதாம். என் மெத்தை கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்து நரம்பை அழுத்திச்சு. பஞ்சை எடுத்தாங்க, கிழிசலை அப்படியே விட்டுட்டாங்க. மிச்சப் பஞ்சு சும்மா இருக்குமா? அதுவும் எட்டிப் பாக்குது."

இந்த முறை டாக்டர் வேறு வழி சொன்னார். வெளியே வந்ததை எடுத்தபின், கிழிசலை மறைத்தாற்போல் உள்ளே ஒரு தடுப்பு வைக்கலாம் என்றார். எல்லாருக்கும் அது தேவைப்படாது. பெரியக்காவின் கிழிசல் பெரிது, எலும்பு உறுதியாக இருக்கிறது, அதனால் யோசிக்கலாம். வைத்தால் வலி திரும்பவே திரும்பாது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நீட்டினார்.

கூடப் போயிருந்த சின்னக்கா அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது நான் பாக்கறது" என்றார்.

விஷயம் தெரிந்ததும் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "அப்படின்னா நீங்கதான் உங்க அக்காவுக்கு தைரியம் சொல்லணும்" என்று சிரித்தார். சின்னக்கா அந்த மாதிரியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியக்கா விடவில்லை. நான் மருந்து வாங்கிக்கொண்டு போயிருந்ததால் அந்தப் பேச்சு நடக்கும்போது அங்கே இருந்தேன்.

"சொல்லுடி. வச்சுக்கலாமா, வேண்டாமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெனமும் அதத்தான பாக்கற?"

"போறதுக்கு முன்னாடிதான் பாக்கறேன். போன எடத்துல எப்படி இருக்குன்னு ஒண்ணாவது திரும்பி வந்து சொல்லியிருக்கா?"

"கட்டிக் குடுத்த பொண்ணு மாதிரிதான்னு சொல்லு. ஒரு போன்கூட வராதா?" என்று சிரிக்கப்போன பெரியக்கா, வலியில் பாதியிலேயே நிறுத்தினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு நிக்கணும். நின்னாத்தான் எனக்கு வேலை. வச்சுக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து சின்னக்காவின் கனவு கலைந்துவிட்டது. படியில் ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார். "அந்த மைதானத்துல இப்ப ஆள் நடமாடுது." புரியாமல் பார்த்தேன். "லென்சுக்குள்ள. தூரத்துல ஒருத்தங்க கால இழுத்து இழுத்து நடந்து போறாங்க. கூப்பிட்டா திரும்பறதில்ல. முதுகு மட்டும்தான் தெரியுது. அது அக்காதான்." தூக்கத்தில் பேசுகிறவரைப்போல் நிதானமாகத்தான் சொன்னார்.

தொழிற்சாலையில் அவரது சிவப்புத் தட்டு நிரம்பத் தொடங்கியது. ஒன்றைப் பார்ப்பார், பிசிறு இல்லை. இல்லாததை நம்ப மனம் வராமல் மறுபடி பார்ப்பார். வலையின் ஒரு இழை மற்றதைவிடச் சற்று நிழலாகத் தெரியும். ஒருவேளை அதுவாக இருந்தால்? சிவப்புத் தட்டு. அடுத்தது. அதுவும் சிவப்புத் தட்டு. பச்சைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது.

அந்தப் பகுதிக்கு இன்சார்ஜ் ஒரு இளைஞர், பொறியியல் படித்தவர், சின்னக்காவிடம் மரியாதை உள்ளவர். கழித்தவற்றை எல்லாம் எடுத்துப் போய் வேறு மேசையில் மறுபடி சோதிக்கச் சொன்னார். ஒன்றிலும் குறை இல்லை. சின்னக்காவை வெளி வராந்தாவுக்கு அழைத்துப் போனார். முகமூடியைக் கழற்றியபின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்களாம்.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

சின்னக்கா எல்லாவற்றையும் சொன்னார். அக்காவின் கால், தும்மல், டாக்டரின் உள்ளங்கை, எல்லாம்.

"இங்கேர்ந்து போற எந்த பீஸ் எந்த ஆளுக்குப் போகும்னு எனக்கே தெரியாதுக்கா" என்றார் அவர். "கொஞ்ச நாள் பேக்கிங் பக்கம் இருக்கீங்களா?"

சின்னக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இத்தனை வருஷம் யாரை நெனச்சுப் பாத்தீங்க?" அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"யாரையும் நெனைக்கல" என்றார் சின்னக்கா. "அதான் இப்ப பயமா இருக்கு."

இன்சார்ஜ் போய் இரண்டு கோப்பை டீ வாங்கி வந்தார். இருவரும் சுவரில் சாய்ந்து நின்று குடித்தார்கள். குடித்து முடித்ததும் சின்னக்கா மறுபடி தொப்பி போட்டு, அங்கி மாட்டி, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சிவப்புத் தட்டில் மேலாக இருந்ததை எடுத்து லென்சுக்குக் கீழே வைத்தார். அந்த முதுகு அப்போதும் தூரத்தில் போய்க்கொண்டுதான் இருந்தது. "ஆனா அது அக்கா நடை இல்ல. வேற யாரோ. எனக்குத் தெரியாத யாரோ" என்றார் என்னிடம். அவர்களுக்காகவும் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தார். பிசிறு இல்லை. எடுத்துப் பச்சைத் தட்டில் வைத்தார்.

ஆபரேஷன் அன்று நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "திரும்பி வர்றதுக்குள்ள என் சீப்பெல்லாம் கழுவி வைக்கச் சொல்லுங்க, இவ அதையும் வெளிச்சத்துல பாத்துட்டே நிப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பெரியக்கா கதவுக்குள் மறைந்தார். காத்திருக்கும் இடத்தில் நீலநிற நாற்காலிகள். எதிர்ச்சுவரில் உயரமாக ஒரு ஜன்னல். அதில் மேகம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சின்னக்கா கண்ணைத் திறந்தபடியே எங்கேயோ போய்விட்டார். காப்பி வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே ஆறிப்போனது. யாரோ ஒரு குழந்தை வந்து அவர் புடவை நுனியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது. அதுவும் தெரியவில்லை.

கதவு திறந்து டாக்டர் வந்தார். "வச்சாச்சு. நல்லபடியா முடிஞ்சுது."

சின்னக்கா எழுந்தார். "பிசிறு ஏதாவது இருந்துச்சா?"

டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு புரிந்துகொண்டு, சின்னக்காவின் முகத்துக்கு நேராகக் கொஞ்சம் குனிந்து சொன்னார். "இல்லம்மா. ரொம்ப சுத்தமா இருந்துது. எலும்புல நல்லா உக்காந்துடுச்சு."

அந்தக் காலையிலிருந்து அவர் கண் இமைத்ததே அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. இமைத்ததும் வழிந்தது. துடைக்கக்கூட மறந்து நின்றார்.

மறுநாளே பெரியக்காவை நடக்க வைத்தார்கள். வராந்தாவின் ஒரு கோடி வரை போய்வந்து, "கால் என் காலா இருக்கு" என்றார். எக்ஸ்ரே வந்தது. அதை வாங்கிப் பார்த்தவர், "உன் பீஸ் எங்கடி?" என்றார்.

சின்னக்கா விரல் வைத்துக் காட்டினார். எலும்பின் சாம்பல் நிறத்துக்குள் சின்னதாய் ஒரு வெள்ளைக் கீற்று. "இது கொக்கி. வலை இதுல தெரியாது."

"தெரியலன்னா இருக்குன்னு எப்படி நம்பறது?"

"இருக்குக்கா."

எந்தக் கேள்விக்கும் 'தெரியல' என்று தொடங்குகிறவர் அவர். பெரியக்கா தங்கையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார்.

சலூனை மறுபடி திறந்தது போன வாரம். முதல் தலை என்னுடையது, மிஞ்சியிருக்கிற ஓர முடிக்கு. பெரியக்கா பாதி வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டு நாயைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். சின்னக்கா வேலையிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியக்காவின் கையிலிருந்து சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

பேச்சு நின்றது. பெரியக்கா சீப்பைப் பார்த்தார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; இதுவரை எடுத்ததில்லை. நான் எழப்போனேன். தோளில் கைவைத்து என்னை அழுத்தி உட்காரவைத்தார். சின்னக்கா ஒரு அடி முன்னால் வந்துவிட்டார், கை நீண்டுவிட்டது. அப்படியே நின்றார். நீண்ட கையை இழுத்துக் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார்.

பெரியக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, மெதுவாகக் கீழே இறங்கினார். கண்ணாடியில் அவர் மறைந்துபோனார். நான் பார்த்துக்கொண்டிருந்தது வாசலைத்தான். மரநிலையைப் பற்றியிருந்த சின்னக்காவின் விரல்கள் வெளுத்திருந்தன. கண்ணாடியின் அடிவிளிம்பில் முதலில் சீப்பும், பிறகு பெரியக்காவின் முகமும் மேலே வந்தன. வாசலில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிலையை விட்டன.