ஜப்பானில் பூட்டிய வண்டி

அந்தச் சாம்பல் நிறக் கார் ஜப்பானிலேயே பாகம் பாகமாகப் பூட்டி முடிக்கப்பட்டு, முழு வண்டியாகக் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நம்பாமல் இருக்க எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது. கனமான புத்தகம் ஒன்றை மெத்தையின்மேல் வைத்தாற்போல அடங்கிவிடும். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் எங்கள் தகப்பனார், அத்தா, அந்தக் கதவைத் திறந்து சாத்தச் சொல்வார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒருமுறை சாத்திப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, ஒரு சத்தத்தையும் காணோம்?” என்றார். “அதான்யா ஜப்பான் சத்தம்” என்றார் அத்தா. அன்று முழுவதும் அந்தப் பதிலைத் தானே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தா தெற்குவாசலில் தையல் மிசின் கடை வைத்திருந்தார். எந்த நாட்டில் செய்த பொருள் என்பது அந்தத் தொழிலில் முதல் கேள்வி. ஊசி வாங்க வரும் தையற்காரரிடம், “ஜப்பான் ஊசியா, நம்ம ஊசியா?” என்று கேட்காமல் அவர் பெட்டியைத் திறந்ததில்லை. நம் ஊர் ஊசியை ஜப்பான் ஊசி என்று சொல்லி விற்கும் கடைகள் அந்தத் தெருவில் இருக்கத்தான் செய்தன. அத்தா அப்படி விற்றதில்லை. இரண்டு ஊசிகளையும் ஒரே துணியில் ஓட்டிக் காட்டுவார். எது வேண்டும் என்பதை வாங்குகிறவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவருடைய நேர்மை. வெளியார் கொண்டுவரும் சரக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகே அலமாரியில் ஏற்றுவார். ஆனால் உடன்பிறந்தவன் கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து கடை நடத்திய காலத்தில் ஏற்பட்டதாக இருக்கலாம். தம்பி வாங்கிவந்த பெட்டி நேரே அலமாரிக்குப் போகும். அதைப் பிரிப்பது தம்பியின் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் கேட்பதற்குச் சமம்.

அந்தத் தம்பி, எங்கள் சின்னத்தா, பிற்பாடு தையல் மிசினை விட்டுவிட்டுப் பைபாஸ் ரோட்டில் பழைய கார்கள் வாங்கி விற்கும் இடம் தொடங்கினார். பேச்சில் இனிமையும் கையில் தாராளமும் உள்ளவர். “அண்ணே, ஒரு டாக்டரு ஆசையா எறக்குமதி பண்ணி ரெண்டே வருசம் ஓட்டுன வண்டி. ஒங்களுக்குன்னே வச்சிருக்கேன். வேற எவன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்” என்று ஒருநாள் வந்து நின்றார். முழு வண்டியாக இறக்குமதியாகிறவற்றுக்குச் சுங்க வரியே பெருந்தொகை. ஆகையால் விலை கூடுதலாகத்தான் இருக்கும் என்பதையும் அவரே விளக்கினார். அத்தாவிடம் அவ்வளவு ரொக்கம் கிடையாது. ஒத்தக்கடையில் ஒரு மனை இருந்தது. தம்பி வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று வாங்கிப் போட்ட மனை. ‘தம்பி’ என்று நான் சொல்வது என் தம்பியை. அத்தா ஒரு வாரம் யோசித்தார். பிறகு மனையைச் சின்னத்தா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் இருக்கைப் பக்கம், கதவு வந்து பொருந்தும் சட்டத்தில், ஜப்பானிய எழுத்துகள் அச்சிட்ட பளபளப்பான ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. எங்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அத்தா அதை விரலால் தடவிப் பார்த்து, “அவுக பாசை” என்றார்.

தம்பி அப்போது சென்னைக்கு வெளியே ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். அத்தாவின் கார் எந்தக் கம்பெனியுடையதோ அதே ஜப்பான் கம்பெனியின் தொழிற்சாலைதான். பாகங்கள் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இங்கே அவற்றை ஒன்றாகப் பூட்டி வண்டியாக்குவார்கள். அந்த வேலையை அத்தா ஒருபோதும் மதித்ததில்லை. “அவன் பூட்டுறான். இது பூட்டி வந்தது” என்று வண்டியைத் தட்டிக் காட்டி விருந்தாளிகளிடம் சொல்வார். அதில் கடுமை இல்லை என்று நான் அப்போது எண்ணினேன். ஒரு தகப்பனின் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தம்பி விடுப்பில் வந்தான். வண்டி வந்தபின் அவன் வீட்டுக்கு வருவது அதுவே முதல் தடவை. தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, உறவினர் வீடுகளுக்குப் போவதற்காக அம்மா காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவர் ஓதிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த தம்பி கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி, வாசலில் பல் குத்திக்கொண்டு நின்ற சின்னத்தாவைப் பார்த்தான்.

“சின்னத்தா, இது எங்க பிளான்ட்டுல பூட்டுன வண்டியால்ல இருக்கு.”

“எத வச்சுடா சொல்ற?”

“சீட்டு போல்ட்ட முறுக்குனதும் நாங்க மஞ்சப் பெயிண்டுல ஒரு கோடு இழுத்து, பக்கத்துல புள்ளி வைப்போம். இங்கன அப்படியே இருக்கு.”

சின்னத்தா உரக்கச் சிரித்தார். “ஏன்டா, ஜப்பான்காரனுக்கு மஞ்சப் பெயிண்டே கெடைக்காதா? ஒங்க பிளான்ட்டுல இருந்துதான் வாங்கிட்டுப் போறானா?”

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “அந்தப் புள்ளி எங்க சூப்பர்வைசர் பழக்கிவிட்டது. வேற எங்கயும் கெடையாது. சரி, அத விடுங்க. இந்த ஸ்டிக்கருக்குக் கீழ தகடு இருக்கும். எந்த நாடுன்னு அதுலயே போட்டிருக்கும். பாத்துருவோம்” என்று கதவுச் சட்டத்திலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்தான்.

“கைய எடு.”

அத்தா சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. “எந்தம்பி கொண்டாந்த பெட்டிய இம்புட்டு வருசமா நானே பிரிச்சதில்ல. நீ யாரு பிரிக்க?”

“ஒங்க மகன்.”

“மகன்னா கைய எடுப்ப.”

தம்பி கையை எடுத்தான். தஸ்பீஹை அம்மாவின் மடியில் வைத்தான். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். பெருநாளும் அதுவுமாக சென்னைப் பேருந்து பிடிக்க மாட்டுத்தாவணி நிலையத்துக்குக் கிளம்பினான். வீட்டைவிட்டு இறங்கும்போது “வாரேன்” என்பதே எங்கள் வழக்கம். திரும்ப வருவதற்கான வாக்கு அது. அவன் அம்மாவிடம், “போறேம்மா” என்றான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. சின்னத்தா மட்டும், “சின்னப் பய, கோவம் தீந்ததும் வந்துருவான்” என்று அத்தாவின் தோளைத் தட்டினார்.

அவன் வந்தான். ஆனால் அத்தா கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து, அம்மாவையும் திருமணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட என்னையும் பார்த்துவிட்டுப் போனான். சென்னையில் வாடகை வீட்டிலேயே அவன் குடும்பமும் வளர்ந்தது. நான் கற்பிக்கும் கல்லூரி ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கிறது. தினமும் பேருந்து அந்த மனையைக் கடந்து போகும். சின்னத்தா அங்கே மூன்று மாடி எழுப்பி மாணவிகள் விடுதிக்கு வாடகைக்கு விட்டார்.

அந்த ஆண்டுகளில் நான் இந்த விஷயத்தைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன். என் பழக்கம் அது. ஒரே வரைபடம், ஒரே எஞ்சின். முழு வண்டியாக வந்தால் ஒரு வரி, பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டால் வேறொரு வரி. விலையில் இருக்கும் இடைவெளியில் பெரும்பங்கு அந்த வரிதான். வாங்குகிறவரோ அந்த இடைவெளி முழுவதையும் தரம் என்று எடுத்துக்கொள்கிறார். தம்பியிடம் கேட்டபோது அவன் தன் தொழிற்சாலையைத் தூக்கிப் பேசவில்லை. “வித்தியாசமே இல்லன்னு சொல்ல மாட்டேங்கா. நாட்டுக்கு நாடு சாமான மாத்துவாக. நம்ம ரோட்டுக்குன்னு ஒசரத்தக் கூட்டுவாக, சிலதுல கொறைப்பாக. ஆனா போல்ட்ட முறுக்குற கை எந்த ஊருக் கைன்னு போல்ட்டுக்குத் தெரியாதுல்ல” என்றான்.

வண்டியும் அப்படித்தான் நடந்துகொண்டது. ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஐப்பசி மழையில் வண்டியூர்ச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியபோது மற்ற வண்டிகளெல்லாம் அணைந்து கிடக்க, எங்கள் வண்டி தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. “பூட்டுனவன் கை அப்படி” என்று அத்தா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னிருக்கையில் இருந்தேன். தம்பி சொன்னது உண்மையானால், இந்த மனிதர் இத்தனை காலமாகத் தன் மகனைத்தான் ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணினேன்.

முழங்கால் வலி வந்து ஓட்ட முடியாமல் போனபோது வண்டியை விற்றுவிட அத்தா முடிவு செய்தார். இறக்குமதி வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. “அவனுக்கு ஒரு எடம் வாங்கிக் கொடுத்துரணும்மா” என்று என்னிடம் மட்டும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் தம்பியைப் பற்றி அவராக வாய் திறந்தது அன்றைக்குத்தான். பைபாஸ் ரோட்டுக்கு நான்தான் ஓட்டிச் சென்றேன். சின்னத்தா அன்போடு எழுந்து வந்து அத்தாவை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு தொழில்காரராக வண்டியைச் சுற்றி வந்து, முன்மூடியைத் தட்டி, சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

“வெலை ரொம்ப எதிர்பாக்காதீகண்ணே. எறக்குமதி வண்டின்னா வேற கணக்கு. இது இங்கன பூட்டுனதுதான?”

“எங்கன பூட்டுனது?” என்றார் அத்தா.

“நம்ம மெட்ராசுலதாண்ணே. இந்த மாடல் அம்புட்டும் அங்கனதான். என்ன, டீ சொல்லவா?”

“டீ வேணாம்.”

சின்னத்தாவின் முகத்தில் பதற்றமோ வெட்கமோ இல்லை. தான் சொன்ன பொய்யை அவர் மறைக்க முயலவில்லை, மறந்தே போயிருந்தார். ஒரு மனை கைமாறியதும், பெருநாளன்று ஒருவன் “போறேன்” என்று சொல்லிப் போனதும், அவர் நினைவில் எந்த இடத்தையும் பிடிக்கவில்லை. அவர் திட்டமிட்டு வஞ்சித்தார் என்றால்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். வஞ்சனை நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அவருக்குப் பொருட்டாக இல்லாததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் அத்தா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பழங்காநத்தம் தாண்டியதும், “அவன்ட்ட சொல்லாதம்மா” என்றார்.

“யாருட்ட அத்தா?”

“ரெண்டு பேருட்டயும்.”

தன் தம்பி வருந்தக் கூடாது என்பதற்காகத் தன் மகன் பொய்யனாகவே இருக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். நான் அதற்கு உடன்படவில்லை. அன்று மாலையே தம்பிக்குப் பேசினேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, “வண்டி நல்லா ஓடுதாக்கா?” என்றான். நன்றாக ஓடுகிறது என்றேன். பிறகு, “அத்தா கூப்புடச் சொன்னாரா?” என்றான். இல்லை என்றேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டான்.

அத்தா கடைசிவரை அவனைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சின்னத்தாவோடு தொழுகைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. வண்டியை விற்கவும் இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தபோது கதவுச் சட்டத்திலிருந்த ஸ்டிக்கர் முழுவதும் உரிக்கப்பட்டிருந்தது. பசையின் தடம்கூட இல்லாமல் யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அடியிலிருந்த தகட்டில் இந்தியா என்று பொறித்திருந்தது.

அவர் மவுத்தானபோது தம்பி வந்தான். உடலை வைத்த சந்தூக்கை ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் சின்னத்தாவும் தோளில் சுமந்தார்கள். மூன்றாம் நாள் ஓதி முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சின்னத்தாவின் குரல் உள்ளறை வரைக்கும் கேட்டது. “எங்கண்ணே மேல எனக்கு எம்புட்டுப் பிரியம் தெரியுமா? ஜப்பான்லருந்து வந்த வண்டிய வேற எவனுக்கும் கொடுக்காம அவருக்குத்தான கொடுத்தேன்.” அப்போது அவருக்கு ஜப்பான் மீண்டும் நினைவுக்கு வந்திருந்தது. தம்பி அவர் இலையில் குனிந்து தாழ்ச்சா ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றி முடித்து அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

திரைக்குப் பின்னால், கணவரை இழந்தவர் வெளியாட்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த அம்மா பேசினார். நாற்பது வருடக் குடும்பத்தில் கொழுந்தனாரிடம் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“சாப்பிட்டு முடிச்சிட்டீகன்னா கைய கழுவிட்டுக் கெளம்புங்க. எம்மகன் இன்னும் சாப்பிடல. அவன் ஒக்காரணும்.”

சின்னத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. எழுந்து கை கழுவினார். வாசலில் நின்று, “வாரேன்” என்றார். அவர் அமர்ந்திருந்த இடத்தைத் துடைத்து நான் தம்பிக்கு இலை போட்டேன்.

சின்னத்தா பிறகு வரவில்லை. இப்போது இந்த வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். மாதம் ஒருமுறை தம்பி பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறான்.