கிளி, காக்கா, கருவாட்டுக் குழம்பு

போன வாரம் என் வேலையைக் காப்பாற்றியது ஒரு பிளாஸ்டிக் கிளி. சிரிக்காதீர்கள்... முழுக்கக் கேளுங்கள்.

இங்கே புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோடைக் கற்றல் முகாம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளோடு வளரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பிரெஞ்சுப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் — இதை இந்தப் பக்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன்.

முகாமில் ஒரு சட்டம். பிரெஞ்சு நேரத்தில் வேறு மொழி பேசினால் கையில் கிளி. அடுத்த ஆள் மாட்டும்வரை சுமக்க வேண்டும். மாலையில் கிளி யாரிடம் இருக்கிறதோ, அவர் மறுநாள் எல்லோருக்கும் பிஸ்கட் கொண்டுவர வேண்டும். சட்டம் போட்டது நான். பத்து நாளாக என் கைக்கு அது வந்ததே இல்லை.

பதினோராம் நாள் காலை, ஒரு காக்கா என் டிபன் பாக்ஸிலிருந்து இட்லியைத் தூக்கிக்கொண்டு போனது. பிரெஞ்சு நேரம், பிரெஞ்சில் திட்டியிருக்க வேண்டும். காக்காவைப் பிரெஞ்சில் திட்ட யாரால் முடியும்?

"மதாம்" என்று கிளியை நீட்டினாள் மலர். வயது பன்னிரண்டு. கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். சட்டத்தில் என்னைவிடக் கறார்.

அன்றைக்கென்று மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் சரி என்றால் முகாம் இன்னும் இரண்டு வாரம் நடக்கும். இல்லையென்றால் அன்று மாலையே மூட்டை கட்ட வேண்டியதுதான், என் வேலையையும் சேர்த்து. புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் பல வருடம் இருந்தவர். சார் என்று சொல்லக் கூடாதாம், முசே என்றுதான் கூப்பிட வேண்டுமாம். தமிழ் மறந்தே போய்விட்டதாம்.

மதியம் வந்தார். பிள்ளைகள் மனப்பாடம் செய்த உரையாடலைப் பிரெஞ்சில் ஒப்பித்தார்கள். இன்று வெயில் அதிகம். ஆம், இன்று வெயில் அதிகம். ஜோடி ஜோடியாக வந்து இதையே சொன்னார்கள். முசே கொட்டாவியை மென்று விழுங்கினார். என் மடியில் கிளி.

பதற்றத்தில், பாடத்தில் இல்லாததை முசேயிடம் கேட்டுவிட்டேன். பிரெஞ்சில்தான்... சாப்பிட்டீர்களா என்று. நம்மூரில் அது வணக்கம் மாதிரி. ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? மனிதர் யோசித்து, இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அத்தனை டிபன் பாக்ஸும் திறந்தன. முன்னால் நின்றது மலரின் கருவாட்டுக் குழம்பு. இது என்ன என்றார். கருவாட்டுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? எனக்கே தெரியாது. தமிழில் சொன்னால் கிளி. மலர் விடவில்லை. மீன் பிடித்தோம், உப்பு போட்டோம், மணலில் காயவைத்தோம், பூனை வந்தது, விரட்டினோம், மறுபடி வந்தது, அத்தை துடைப்பத்தோடு காவல் உட்கார்ந்தாள்... நான் கற்றுத்தராத பிரெஞ்செல்லாம் வந்தது. மற்ற பிள்ளைகள் அந்தப் பூனை என்ன நிறம் என்று சண்டை போட்டார்கள். அதுவும் பிரெஞ்சில்!

முசே டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு மூடியை மறுபடி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, கண்ணு. அடியில கெடக்கற துண்டையும் சேத்துப் போடு."

எல்லாப் பிள்ளைகளும் கிளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மலர் என்னிடம் வந்தாள். கிளியை எடுத்தாள். வேண்டாம்டி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் நேராகப் போய் அதை முசேயின் முழங்காலில் வைத்து, பிஸ்கட் வரைக்கும் சட்டத்தை விளக்கினாள். தப்பில்லாத பிரெஞ்சில். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

முசே கிளியைப் பார்த்தார். கிளி முசேயைப் பார்த்தது.

"அப்ப நாளைக்கு என்ன பிஸ்கட்டு வாங்கியாரணும்?"

கவனித்தீர்களா? நாளைக்கு!

எந்த மொழியில் வேண்டுமானாலும் நாம் படிக்கலாம், வேலை பார்க்கலாம். கோபமும் குழம்பும் வந்தால் மட்டும் நாக்கு யாரையும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறது.

மறுநாள் பிஸ்கட் வந்தது. கிரீம் வைத்தது. காக்காவுக்கும் ஒன்று வைத்தேன் — பிரெஞ்சில்தான் கூப்பிட்டேன்.