சகலையைத் தேடும் செவ்வாய்க்கிழமை

நீதிமன்றப் பதிவேட்டு அறைக்குள் வந்ததும் அவர் கைப்பையை இரண்டாவது நாற்காலிக்கு அடியில் தள்ளுகிறார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கிறார். கவுண்டர் திறப்பதற்குள் படிவத்தை நிரப்பி முடித்துவிடுகிறார். தேடப்படும் நபரின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, காவல் நிலைய எல்லை. எதற்கும் யோசிப்பதில்லை. சொந்த மகளின் பிறந்த தேதிக்கு மனைவியைத் திரும்பிப் பார்க்கிறவர், இந்தத் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

“என்ன சார், இன்னிக்கும் அதே பேர்தானா?” என்கிறார் நீதிமன்றப் பதிவேட்டு எழுத்தர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. திரையைப் பார்த்தபடியே கேட்கிறார்.

“அதே ஆளுதானம்மா. பேரு மாறுமா?”

“உங்க சகலை நல்லவராத்தான் இருப்பாரு, போங்க.”

“பாத்துட்டுச் சொல்லு. பாக்காம சர்டிபிகேட் குடுக்காத.”

எழுத்தர் தட்டிப் பார்க்கிறார். பிடிவாரண்டு எதுவும் நிலுவையில் இல்லை. வந்தவர் நன்றி சொல்லிவிட்டு, தேர்வு முடிவில் தன் எண் இல்லாத மாணவனைப்போல் நகர்கிறார்.

நான்கு வருடமாக இப்படி. பொதுமக்கள் பதிவேட்டைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள்தான் அனுமதி, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. நீதிமன்றத்தில் அவருக்குப் பெயரே ‘செவ்வாய்க்கிழமை’. ஒருமுறை வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவரை வாசல் காவலர் நிறுத்தி, “என்ன செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை வந்திருக்கீங்க?” என்று கேட்டாராம்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருட அனுபவம். நக இடுக்கில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “ரோலர் தேஞ்சிருக்கு” என்று யாரிடமாவது சொல்லாமல் போகமாட்டார். சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு குடும்பமும் ஆறு வருடம் மாமனார் வீட்டு மாடியில் ஒன்றாக இருந்தன. பிறகு சின்னவர் பதினோராவது மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

“நான் எண்ணெய் போட்ட லிஃப்டுல அவன் சீட்டி அடிச்சுக்கிட்டு மேல போறான் சார். நான் கீழ குழிக்குள்ள நிக்கிறேன். சீட்டி கேக்குது” என்கிறார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னிடம்.

அவருடைய குற்றப்பட்டியல் நீளமானது. சகலைக்குத் தலைமுடி கொட்டவில்லை. சகலை எந்தப் பழத்தை வாங்கினாலும் இனிக்கிறது. சகலை சொல்லும் பழைய ஜோக்குக்கு மாமனார் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். அதே ஜோக்கை இவர் சொன்னால், “இது நம்ம சின்ன மாப்பிள்ளை சொன்னதுல்ல?” என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே மாமனார் வீட்டு மின்விசிறி. “நான் கீழ இறங்கிப் போனா மூணுல ஓடும். அவன் வந்தா அஞ்சுக்குத் திருப்புவாங்க. அவனுக்கு மட்டும் தனியா வேர்க்குதா?”

மனைவி ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். தலையில் அடித்துக்கொள்கிறார், ஆனால் சிரித்துக்கொண்டே. “மத்தவ புருஷனுங்க எங்கெங்கயோ போறானுங்க. இவரு என் தங்கச்சி புருஷன் மேல வாரண்ட்டு இருக்கான்னு பாக்கப் போறாரு. இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?”

தொடக்கம் சாதாரணமானதுதான். காவல் மிகுந்த கட்டடங்களில் வேலை பார்ப்பவர்கள், தங்கள் மேல் பிடிவாரண்டு எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் எழுதி வாங்கி வரவேண்டும் என்றது கம்பெனி. வந்தார். தன் பெயரைத் தேடினார். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. “ஒரு ஃபாரம் கையில மிச்சம் இருந்துச்சு சார். வீணாக்குவானேன்னு அவன் பேரை எழுதினேன்.” அன்று எதுவும் இல்லை. அடுத்த வாரம் வரலாம் அல்லவா?

அடுத்தடுத்த வாரங்களில் சகலைக்கு வாரண்டு வரவில்லை. இவருக்குத் தொழில் வந்துவிட்டது. தம்பி பெயர் இருக்குமோ என்று பயந்து வரும் அக்கா, பழைய விபத்து வழக்கு என்னவாயிற்று என்று தெரியாத டிரைவர், எல்லோரும் கடைசியில் இரண்டாவது நாற்காலிக்கு வந்துசேர்கிறார்கள்.

“வெறும் பேரை மட்டும் போட்டா ஊரே வந்து நிக்கும். அப்பா பேரையும் போடு, ஒரு தெருவாக் குறையும். பொறந்த தேதியப் போடு, ஆளு மட்டும் தனியா நிப்பான்” என்கிறார். கேஸ் நம்பர் இருந்தால் வருடத்தையும் சேர்த்துத் தரவேண்டும். எந்தக் காவல் நிலைய எல்லை என்று தெரியாவிட்டால், சம்பவம் நடந்த இடத்தைச் சொல்லவேண்டும், வீடு இருக்கும் இடத்தை அல்ல. “போன்ல தேடி இல்லேன்னு வந்தா நிம்மதியாத் தூங்கிடாத. இல்லேன்னு அர்த்தமில்ல. இன்னும் ஏத்தலன்னு அர்த்தம்.” சில வாரண்டுகள் ஆள் பிடிபடும்வரை பொதுப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறார். பெயர் வந்துவிட்டால்? “ஓடாத. ஒரு வக்கீலப் புடிச்சுக்கிட்டு நீயே காலைல வந்து நில்லு. தானா வந்தவனுக்கு ஒரு பார்வை, தூக்கிட்டு வந்தவனுக்கு ஒரு பார்வை.”

அந்த அக்கா கும்பிட்டுவிட்டுப் போகிறார். இவர் மறுபடியும் கவுண்டரைப் பார்த்து உட்காருகிறார்.

நான் அவரோடு உட்கார்ந்திருந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, எழுத்தர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. திரையை ஒருமுறை பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். “சார், கொஞ்சம் கிட்ட வாங்க” என்றார்.

ஒரு பதிவு இருந்தது. பெயர் பொருந்தியது, தந்தை பெயர் பொருந்தியது, பிறந்த தேதியும் பொருந்தியது. ஆள் தனியாக நின்றார்.

“மாட்டினான்!” என்று மெக்கானிக் கவுண்டர் பலகையைத் தட்டினார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு வருடத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை என்று எழுத்தர் பிறகு சொன்னார்.

“குற்றவாளி இல்ல சார், சாட்சி. ஏதோ வண்டி மோதினதை நேர்ல பாத்திருக்காரு. சாட்சி சொல்ல மூணு தடவை பதிவுத் தபால்ல சம்மன் போயிருக்கு. மூணும் திரும்பிடுச்சு. ஆளு வராததால வாரண்ட்டு போட்டுட்டாங்க.”

“ஏன் திரும்புச்சு?”

“‘அப்படி யாரும் இங்கே இல்லை’ன்னு எழுதி வந்திருக்கு. இந்த அட்ரஸ்.” திரையை அவர் பக்கம் திருப்பினார். மாமனார் வீட்டு மாடி. மெக்கானிக் இன்னமும் குடியிருக்கும் வீடு.

தட்டின கை பலகையிலேயே கிடந்தது.

சின்னவர் குடிபோன பிறகும் அவர் பெயருக்கு அந்த வீட்டுக்குத் தபால் வந்துகொண்டிருந்தது. தபால்காரர் கீழேயிருந்து பெயரைக் கூவுவார். இவர் மாடியிலிருந்தே, “அப்படி யாரும் இல்ல!” என்று பதில் கூவுவார். “என் வீட்டு வாசல்ல அவன் பேரை எதுக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடணும்?” என்பது அவர் நியாயம். இறங்கி வந்து உறையைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கொண்டாடியிருப்பார். நான்கு வருடமாக அவர் தேடிப்போன நீதிமன்றம், மூன்று முறை அவரைத் தேடி வாசலுக்கு வந்து திரும்பியிருக்கிறது.

“நாளன்னைக்கு அவனுக்கு ஃப்ளைட்டு” என்றார் மெல்ல. வெளிநாட்டில் இருக்கும் சகலையின் மகளுக்குப் பிரசவ நேரம். விமானத்தில் போகிறான் என்பதற்காக மூன்று வாரமாக இவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வேறு கதை.

“இதே லிஸ்ட்டுதான் சார் ஏர்போர்ட்டுலயும் ஓடும். பாஸ்போர்ட்டை நீட்டின உடனே ஓரமா உக்கார வெச்சிடுவாங்க” என்றார் எழுத்தர். “மத்தியானம் ரெண்டரைக்கு நீதிபதி அம்மா உக்காருவாங்க. ஆளு நேர்ல வந்து மனு குடுத்தா இன்னிக்கே ரத்தாகும்.”

அவர் இரண்டாவது நாற்காலிக்குத் திரும்பினார். சும்மா இருந்தாலே போதும். வழியனுப்ப வந்த மொத்தக் குடும்பமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க, சின்ன மாப்பிள்ளையைப் பெட்டியோடு ஓரமாக அழைத்துப் போவார்கள். தபாலைத் திருப்பியது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை செருப்பைக் கழற்றி மாட்டினார். பதினொன்று இருபதுக்கு எண்ணை அழுத்தினார்.

“எங்க இருக்க? கடையிலயா? கோர்ட்டுக்கு வா. அடையாள அட்டை எடுத்துக்க. ஏன் எதுக்குன்னு போன்ல கேக்காத, வா.”

சகலை அரை மணி நேரத்தில் வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூடவே ஒரு வக்கீல் நண்பர். “என்னண்ணே, என்ன பிரச்சினை உங்களுக்கு? யாரு உங்க மேல கேஸ் போட்டது? எதுவா இருந்தாலும் நான் இருக்கேன், பயப்படாதீங்க.”

“எனக்கில்லடா. உனக்கு.”

சொன்னார். தபால், மாடி, கூவல், எல்லாவற்றையும். சகலை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “வேலை ஞாபகத்துல சொல்லியிருப்பீங்க. மறந்திருப்பீங்கண்ணே” என்றார்.

“மூணு தடவை எவனாவது மறப்பானா? மறக்கலடா. பொறுக்கல.”

சகலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனுவில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று வக்கீலிடம் கேட்டார். இரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

மெக்கானிக் தபாலைத் திருப்பிய கதையும் எழுதியிருந்த மனுவை நீதிபதி படித்தார். பயணச்சீட்டைப் பார்த்தார். வழக்கு விசாரணைக்குக் கட்டாயம் வருவேன் என்று சகலையிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று நிமிடத்தில் வாரண்டை ரத்து செய்தார். “முதல் பேரக்குழந்தையா? நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றார். பிறகு தபாலைத் திருப்பியவரைக் கூப்பிடச் சொன்னார். அவருக்குப் பத்து நிமிடம். நீதிமன்றத் தபாலோடு விளையாடினால் என்ன ஆகும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மெக்கானிக் கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார்.

வெளியே வந்ததும் என் காதருகே சொன்னார்: “பாத்தீங்கல்ல? அவனுக்கு வாழ்த்து, எனக்கு வசவு. இங்கயுமா சார்?”

ரத்து உத்தரவின் நகலை எழுத்தர் கொண்டுவந்து கொடுத்தார். சகலை அதை மடித்துக் கைப்பையில் போடப்போனார். மெக்கானிக் பிடுங்கிக்கொண்டார்.

“பையில போட்டா அங்க தேடிக்கிட்டு நிப்ப. கம்ப்யூட்டர்லேர்ந்து உன் பேரு போக ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் காகிதம்தான் நீ. கேட்டா உடனே எடுத்து நீட்டணும்.”

காகிதத்தை நான்காக மடித்தார். சகலையின் சட்டைப் பைக்குள் செருகினார். பைக்குப் பித்தான் போட்டார். பத்திரமாக இருக்கிறதா என்று மேலே கைவைத்து ஒருமுறை அழுத்தினார். அப்புறமும் கையை எடுக்காமல், அந்தச் சட்டைத் துணியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, என்ன ரகம் என்று மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.