கோயில் பீப்பாயில் விழுந்த சர்க்கரை

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மோசல் ஆற்றங்கரையில் அப்பொலோனியாவைத் தெரியாதவர்கள் இல்லை. வாய் அப்படி. அந்த வாயும் மூன்று வருடம் ஒரு விஷயத்தில் பூட்டிக் கிடந்தது.

1850-களில் விடாத மழை. திராட்சை பழுக்கவே இல்லை; ஒயின் பல் கூசப் புளித்தது. வாங்க ஆளில்லாமல் பாதித் தெரு தோட்டத்தை விற்றுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அப்பொலோனியா அசையவில்லை. உருளைக்கிழங்குச் சர்க்கரையைக் காய்ச்சிச் சாற்றில் ஊற்றினால் புளிப்பு அடங்கும் என்று கேள்விப்பட்டு, துணி வெளுக்கும் அண்டாவிலேயே காய்ச்சினாள்.

“கோயில் பீப்பாய்ல மட்டும் கை வெச்சிடாதடி,” என்றான் காய்ச்சலில் கிடந்த கணவன் தியோபால்ட்.

ஊர் மாதா கோயிலுக்குப் பூசை ஒயின் கொடுப்பது அவர்கள் வீடுதான்; அதில் திராட்சையைத் தவிர எதுவும் சேரக்கூடாது. அந்தப் பீப்பாயில் சாக்கட்டியால் சிலுவை போட்டு வைப்பார்கள். நிலவறை ஈரத்தில் சிலுவை அழிந்திருந்தது. மாடியில் அவன் முனகிக்கொண்டிருக்க, அவசரக்காரி கவனிக்காமல் எல்லாவற்றிலும் ஊற்றிவிட்டாள்.

வசந்தத்தில் கோயில் ஆள் வந்து, “சிலுவை போட்டது எதும்மா?” என்றபோதுதான் உறைத்தது. ஆறு பீப்பாய்களும் ஒன்றுபோல் நின்றன. பயத்தில் ஏதோ ஒன்றைக் காட்டினாள்.

அடுத்த மாதம் தியோபால்ட் போய்விட்டான். அடக்கப் பூசையில் சாமியார் கிண்ணத்தை உயர்த்தியபோது அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பூசை செல்லாது, என் புருஷன் கரையேற மாட்டான் என்றே நினைத்தாள். சர்க்கரை போட்ட ஒயின் நன்றாக விற்றது, தோட்டம் தப்பியது. அவளுக்குத்தான் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாம் வருட ஈஸ்டருக்கு முன், பாவங்களைச் சாமியாரிடம் ரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். திரைக்கு அப்பால் சாமியார் ஹூர்ட்டர் இருமுவதுபோல் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, பதினஞ்சு வருஷமா உங்க வீட்டு ஒயினைக் குடிச்சு என் நாக்கே செத்துப்போச்சு. திடீர்னு இனிச்சா எனக்குத் தெரியாதா? முதல் நாளே ருசி பார்த்துட்டு, பூசைக்குப் பக்கத்து ஊர்ல வாங்கிட்டேன்.”

“அப்போ எம் புருஷனுக்கு வெச்ச பூசை, சாமி?”

“அதுவும் பக்கத்து ஊர்ப் புளிப்புதான். முகம் சுளிக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“நான் குடுத்தது?”

“என் சாப்பாட்டு மேசைக்குப் போச்சு. ஒரே வருஷத்துல காலி.”

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மூன்று வருட பாரம் இறங்கிய அழுகை. சாமியார் ரகசியத்தைக் காத்தார். அவள்தான் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நேரே கல்லறைக்குப் போய்த் தியோபால்ட் பக்கத்தில் குந்தினாள்.

“புளிச்ச ஒயின்தானாம்யா,” என்றாள். “நிம்மதியாத் தூங்கு.”